பதில் வேண்டாம், ஓவர்

அமெரிக்கா என்கிற இந்த நாட்டைக் கட்டியவர்கள் சக்கரத்தின் மேல் வந்தவர்கள். கித்தான் போர்த்திய மாட்டு வண்டிகளில், பசியையும் பனியையும் சாவையும் தாண்டி, பெயரில்லாத மலைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே மேற்கு நோக்கி வந்தார்கள். அந்த மகத்தான ரத்தம்தான் வெர்லின் ஹாக்ஸ்டாட் உடம்பிலும் ஓடியது. இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது, வண்டி அரை அங்குலம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் தனக்குத் தூக்கம் வராது என்று, சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளைச் சொருகிக்கொண்டிருந்தார்.

அவருடைய வண்டி முப்பத்து நாலு அடி மோட்டார்ஹோம், ஓட்டிக்கொண்டே போகக்கூடிய வீடு. பக்கவாட்டில் சிறகு விரித்த கழுகு ஒன்றின் படம், அதன் கீழே 'முன்னோடி' என்று பெயர். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம், ஐஸ் கட்டி செய்யும் இயந்திரம், நிஜ நெருப்பு மாதிரியே ஆடும் மின்சாரக் கணப்படுப்பு. மாட்டு வண்டிக்காரர்களிடம் இல்லாத ஒன்றிரண்டு சௌகரியங்கள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

வண்டிகள் தங்கும் முகாமில் நான் அவருக்குப் பக்கத்து இடத்துக்காரி. பெயர் ஓபல். ஐடஹோவில் முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு கோடையும் என் பதினாறு அடி ட்ரெய்லர் வீட்டைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு வந்துவிடுவேன். செப்டம்பரில் பனி விழத் தொடங்கும்வரை இங்கேதான். கொதிநீர் ஊற்றுகளின் எதிரில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவை எப்போது பொங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. யாரும் கொடுக்காத வேலை. என்னைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

சாயங்காலமானால் எங்கள் முகாமில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. பெரிய வண்டிக்காரர்கள் வந்து, இரண்டு மரங்களுக்கு நடுவில் வண்டியைப் பின்னோக்கி நுழைப்பதை வேடிக்கை பார்ப்பது. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள். நாற்பது வருஷக் கல்யாணம் எவ்வளவு உறுதியானது என்பது பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஹாக்ஸ்டாட் தம்பதி கை காட்டுவதில்லை. ஆளுக்கொரு வாக்கிடாக்கி வைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்பது வெர்லின் போட்ட சட்டம்.

"வால் பகுதி, நிலவரம் சொல்லவும். ஓவர்."

"மரம் இருக்கு வெர்லின்."

"எந்தப் பக்கம்? எத்தனை அடி? தெளிவா சொல்லணும். ஓவர்."

"முன்ன ரெண்டடி இருந்துச்சு. இப்ப கிளை ஒடிஞ்சிருச்சு."

"நீ 'ஓவர்' சொல்லல. ஓவர்."

அவர் மனைவி மார்லிஸ் வாக்கிடாக்கியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெர்லின் தன் நாற்காலியை விரித்தார். அதற்குக் கால் நீட்ட ஒரு பலகை, வெயிலுக்கு ஒரு குடை, கோப்பை வைக்க ஒரு குழி, பத்திரிகை வைக்க ஒரு பை. என் நாற்காலியில் ஒரு வார் அறுந்துபோய், நைலான் கயிறு கட்டியிருந்தேன். "நாற்காலியா இது, பல் டாக்டர் வீட்டுலருந்து தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மின்னசோட்டாவில் பயிர்க் காப்பீட்டுக்கு மாவட்ட மேலாளராக இருந்தவர். ஆலங்கட்டி மழையைத் தவிர வேறு எதையும் அவர் பாதிப்பு என்று ஒப்புக்கொண்டதில்லை என்று மார்லிஸ் பிற்பாடு சொன்னாள்.

கால் நீட்டிக்கொண்டு அவர் தன் லட்சியத்தை விளக்கினார். ஜோடிச் சக்கரச் சங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். வண்டியிலேயே ஊர் சுற்றும் ஓய்வு பெற்ற தம்பதிகளின் சங்கம். ஒவ்வொரு தேசியப் பூங்காவின் அலுவலகத்திலும் ஒரு ரப்பர் முத்திரை வைத்திருப்பார்கள். நம் கையாலேயே புத்தகத்தில் குத்திக்கொள்ளலாம். ஐம்பது பூங்காக்களின் முத்திரை சேர்த்த தம்பதிக்குச் சங்கம் தங்க நிறத்தில் ஒரு சட்டைப் பின் கொடுக்கும். வெர்லினுக்கு நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. யெல்லோஸ்டோன் நாற்பத்தொன்பது. மறுநாள், தெற்கே தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் கிராண்ட் டீட்டன் ஐம்பது.

"விதி ஏழு," என்றார். "இருவரும், நேரில், ஒரே சமயத்தில். ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு படிவம். நான் கையெழுத்து, மார்லிஸ் கையெழுத்து, ரெண்டு பேரையும் கண்ணால பார்த்த ஒரு சாட்சி கையெழுத்து. அந்த விதியை எழுதினதே நான்தான் அம்மணி."

"யாராவது ஏமாத்துவாங்களா?"

"டாலஃப்சன்னு ஒருத்தர். முழங்கால் வலின்னு வண்டியிலயே உக்காந்துக்கிட்டார். சம்சாரம் மட்டும் போய் ரெண்டு புத்தகத்துலயும் குத்திட்டு வந்துட்டாங்க."

"ஐயோ பாவம். முழங்கால் வலிதானே?"

"நான் மூணு பக்கம் கடிதம் எழுதினேன். சங்கத்துல அவர் பின்னைத் திருப்பி வாங்கிட்டாங்க."

உள்ளே மார்லிஸ் பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாக வைத்தாள்.

பத்தொன்பது நாளில் பதினாலு பூங்கா என்பது அவர்களுடைய திட்டம். காகிதத்தில் கட்டம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பூங்காவுக்கும் முத்திரைக்குப் பதினைந்து நிமிஷம், இயற்கைக்கு நாற்பது நிமிஷம்.

மறுநாள் காலை முகாமின் துணி துவைக்கும் அறையில் மார்லிஸைப் பார்த்தேன். வண்டியிலேயே இயந்திரம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. தனியாக இருப்பதற்கு அந்த அறையைவிட நல்ல இடம் முகாமில் கிடையாது.

"லெட்டி எப்ப பொங்கும்?" என்று கேட்டாள்.

லெட்டி என்பது ஓர் ஊற்று. நிலத்தில் பாத்திரம் புதைத்த மாதிரி ஒரு வெள்ளைக் குழி, அதில் நீலத் தண்ணீர். பிரபலமான ஊற்றுகள் மணி அடித்த மாதிரி நேரத்துக்குப் பொங்கும். அவற்றுக்குக் கூட்டம் உண்டு. லெட்டிக்கு ஒன்பது மணி நேரமும் ஆகலாம், பதினேழு மணி நேரமும் ஆகலாம்.

"ராத்திரி ரெண்டு மணிக்குப் பொங்கியிருக்கு. அதனால இன்னிக்குப் பதினொண்ணுக்கு மேல சாயங்காலம் ஏழுக்குள்ள எப்ப வேணா," என்றேன்.

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் முப்பத்தொரு வருஷம் இரண்டாம் வகுப்பு டீச்சர். வகுப்பறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம், லெட்டி வானத்துக்குப் பொங்கி நிற்கிற படம். ஒவ்வொரு வருஷமும் ஒரு குழந்தையாவது கேட்குமாம், 'டீச்சர், நீங்க இதைப் பார்த்திருக்கீங்களா?'

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? பார்த்திருக்கேன்னு சொல்லிட்டேன். முதல் வருஷம் சும்மா வாய்தவறி வந்துருச்சு. அப்புறம் எப்படி மாத்தறது? முப்பத்தொரு வகுப்பு, ஓபல். சத்தம் எப்படி இருக்கும்னுகூட நடிச்சுக் காட்டியிருக்கேன்."

"இங்க வந்ததே இல்லையா?"

"கல்யாணம் ஆன வருஷம் வந்தோம். லெட்டி முன்னால பெஞ்சுல உக்காந்தோம். நாற்பது நிமிஷம். வெர்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தான். எழுந்து போய்ட்டோம்." ஒரு போர்வையின் நாலு மூலையையும் சரியாகச் சேர்த்தாள். "இந்தத் தடவை பார்க்காம போக மாட்டேன்."

பத்தரை மணிக்கு நாங்கள் எல்லோரும் ஊற்றுப் பகுதியில் இருந்தோம். வெர்லின் வண்டியைப் பெரிய வண்டிகளுக்கான இடத்தில் நிறுத்தி, முத்திரை குத்தி, அங்கே நின்ற ஒரு பல் மருத்துவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். லெட்டியின் முன்னால் இருந்த பெஞ்சுகளில் எங்கள் கோஷ்டி. அதன் தலைவர் ரூலன். தலைவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். யூட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தொப்பி முழுக்கப் பின், கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு.

"இன்னும் இருபது நிமிஷம்," என்றார் ரூலன்.

இதை அவர் பதினாறு வருஷமாகச் சொல்லிவருகிறார்.

வெர்லின் நாற்பது நிமிஷம் நின்றார். பதினொன்று பத்துக்கு, "மார்லிஸ், இயற்கை முடிஞ்சுது," என்றார்.

"நான் வரல. பொங்கினப்புறம் போகலாம்."

"பதினொண்ணு நாற்பதுக்குப் புறப்படணும். அங்க அலுவலகம் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

"நாளைக்குப் போகலாமே."

"நாளைக்கு வேற பூங்கா. கட்டத்தைப் பார்."

"நான் கட்டத்தைப் பார்க்கவா வெர்லின் இவ்வளவு தூரம் வந்தேன்?"

ரூலன் பைனாகுலரை ஊற்றிலிருந்து எடுத்து இவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, நாகரிகம் கருதி மறுபடி ஊற்றுக்கே திருப்பிக்கொண்டார். மார்லிஸ் எழுந்து விறுவிறுவென்று வண்டிக்குப் போனாள். வெர்லின் பின்னால் போனார். படுக்கையறைக் கதவு இழுத்துச் சாத்தப்பட்ட சத்தம் எங்கள் பெஞ்சுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இரண்டு பேரிடமும் கேட்டுச் சேர்த்துச் சொல்கிறேன்.

வெர்லினுக்குப் புறப்படுமுன் சரிபார்க்க ஒரு பட்டியல் உண்டு. இருபத்திரண்டு விஷயம். டயர் காற்று, படி மடக்கியாச்சா, கூரைச் சன்னல் மூடியாச்சா, கழிவுக் குழாய் மூடியாச்சா, குளிர்சாதனப் பெட்டிக் கதவு பூட்டியாச்சா. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, பென்சிலால் குறி போடுவார். அவர் ஓட்டுநர் பக்கம் குனிந்து நாலாவது டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மார்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கதவால் இறங்கினாள். படுக்கையறைக் கதவைப் பழைய மாதிரியே சாத்திவிட்டாள். கடைசியாக ஒரு இருபது நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாளாம். எப்படியும் தேடிக்கொண்டு வருவான், அதற்குள் பொங்கினாலும் பொங்கும்.

வெர்லின் தேடவில்லை. மார்லிஸ் கோபம் வந்தால் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவது வழக்கம். பெருந்தன்மையாகத் தொந்தரவு செய்யாமல் விட்டார். இருபத்திரண்டு விஷயமும் சரியாக இருந்தன. மனைவி ஏறியாச்சா என்பது அதில் இல்லை.

மார்லிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கோட்டுப் பைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல்.

"மார்லிஸ், நாம புறப்படறோம். ஓவர்."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மரங்களுக்கு இடையில், வண்டியில் வரைந்த கழுகு மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மார்லிஸ் வாக்கிடாக்கியை வெளியே எடுத்தாள். பொத்தானின் மேல் கட்டை விரலை வைத்தாள்.

"நீ கோபமா இருக்கன்னு தெரியும்," என்றது குரல். "ஆனா ஒரு தம்பதின்னா ஒரு திசை வேணும். நம்ம முன்னோர்கள் வண்டியை வழியில நிறுத்தி வேடிக்கை பார்த்திருந்தா இன்னிக்கு கலிபோர்னியா இருந்திருக்குமா? நல்லா யோசி. பதில் சொல்ல வேண்டாம். ஓவர்."

அந்த நேரத்தில்தான் லெட்டியின் குழியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு, ஒரு மெல்லிய நாக்கு மாதிரி வெளியே வழிந்தது.

"வழியுது! வழியுது!" என்று ரூலன் எழுந்து நின்றார். "பதினொண்ணு நாற்பத்தாறு! குறிச்சுக்கங்க!"

மார்லிஸின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினால் வண்டி திரும்பும். திரும்பினால் இவள் ஏற வேண்டும். வாக்கிடாக்கிப் பெட்டிக்குள் வெர்லினின் மாட்டு வண்டிகள் இன்னும் மேற்கே போய்க்கொண்டிருந்தன. குரல் தேய்ந்து, தேய்ந்து, வெறும் இரைச்சலாயிற்று.

அவள் விரலை எடுத்தாள். பெட்டியைத் தன் மடியில், பூனைக்குட்டியை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்ல வேண்டாம்னு சொன்னான்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"தெளிவா சொன்னார்," என்றேன். "ஓவரும் சொன்னார்."

அவளுடைய கைபேசி வண்டியில் மின்னேற்றத்தில் இருந்தது. இருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தச் சாலையில் பாதி தூரத்துக்குச் சிக்னல் கிடையாது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே ஒரு பெரிய நிம்மதி. என் பையிலிருந்த வான்கோழி சாண்ட்விச்சைப் பாதியாக்கிக் கொடுத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வெயிலில் நீட்டிக்கொண்டாள்.

வழிந்த தண்ணீர் பன்னிரண்டு மணிக்கு உள்ளே இறங்கிவிட்டது. லெட்டி அப்படித்தான். ரூலன் நோட்டில் நீளமாக ஏதோ எழுதினார். ஒரு காட்டெருமை வந்து தூரத்தில் படுத்துக்கொண்டது. பேருந்துகளில் வந்தவர்கள் குழியைப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையே," என்று சொல்லிவிட்டு அடுத்த ஊற்றுக்குப் போனார்கள்.

இதற்கிடையில் வெர்லின் ஓட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் தண்ணீர் இரண்டாகப் பிரிகிற மலைமுகட்டில் வேகத்தைக் குறைத்து, "மார்லிஸ், மழை இந்தப் பக்கம் விழுந்தா அட்லாண்டிக், அந்தப் பக்கம் விழுந்தா பசிபிக். ஓவர்," என்றார். பதிலில்லை. கோபம் கொஞ்சம் பெரிசு என்று புரிந்தது. தெற்கு வாசலைத் தாண்டியதும் வானிலையைச் சொன்னார். பதிலில்லை. இடப்பக்கம் சாலையோரத்தில் ஒரு நரி ஓடியதைச் சொன்னார். நரி ஓடவில்லை. அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாளா என்பதற்காகச் சொன்னது.

ஜாக்சன் ஏரிக்கரையில் அவரால் தாங்க முடியவில்லை. பெட்டியை வாயருகே வைத்துக்கொண்டார்.

"அந்த வருஷம் நாற்பது நிமிஷத்துல கிளப்பினது நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கு. நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்த. நாலு மணிக்குள்ள ஊரைத் தாண்டணும்னு நினைச்சேன். எந்த ஊருன்னு இப்ப ஞாபகமில்ல. என்னை மன்னிச்சிரு மார்லிஸ். ஓவர்."

நாற்பத்து நாலு வருஷ மணவாழ்வில் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அது. ஓர் ஒட்டுத்துணிப் போர்வையும் இரண்டு தலையணைகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

இரண்டு மணிக்குக் கிராண்ட் டீட்டன் அலுவலகத்தில் நிறுத்தினார். எழுப்பி அழைத்துப்போனால் மறுபடி சண்டை வரும், தூங்கட்டும், வேலையை முடித்துவிட்டு எழுப்புவோம், வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டார். தன் புத்தகத்தில் குத்தினார். அவள் புத்தகத்திலும் குத்தினார். 'நாங்கள் இருவரும், நேரில், ஒரே சமயத்தில் இங்கே நின்றோம்' என்ற படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டார், அழியாத மையில். ஐம்பது.

பிறகு வண்டிக்கு வந்து, தொண்டையைச் செருமி, படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

முதலில் அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு குளியலறை. பிறகு, காரணம் அவருக்கே தெரியாது, துணி துவைக்கும் இயந்திரம். அதற்கப்புறம் பட்டியலை எடுத்து ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை மறுபடி சரிபார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

நாலே முக்கால் மணிக்கு முன்னோடி திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கி வெர்லின் ஓடி வந்தார். படியை மடக்காமலே தொண்ணூறு மைல் ஓட்டியிருந்தார். தொப்பி இல்லை. சட்டையின் ஒரு முனை வெளியே தொங்கியது. அந்த மனிதரை நான் அப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போதுதான் அவரை எனக்கு முதன்முதலாகப் பிடித்தது.

"மார்லிஸ்!"

"உக்காரு வெர்லின். மறைக்கிற."

"நீ வண்டியில இல்ல!"

"தெரியும்."

"உனக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு... கரடி, கொதிதண்ணி, என்னென்னவோ நினைச்சேன். ரேடியோ உன்கிட்டதானே இருந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதான் பதில் சொல்ல வேண்டாம்னு சொன்ன."

பெஞ்சில் இருந்த பதினொரு பேரும் வெகு அக்கறையாகக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏரிகிட்ட நான் சொன்னதைக் கேட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவ்வளவு தூரம் எங்க கேக்கும்? மாட்டு வண்டியோட நின்னு போச்சு. என்ன சொன்ன?"

"வானிலை," என்றார் வெர்லின்.

"இன்னும் இருபது நிமிஷம்," என்றார் ரூலன்.

வெர்லின் போய், நான் கேலி செய்த அந்தப் பல் டாக்டர் நாற்காலியைத் தூக்கி வந்தார். மார்லிஸை அதில் உட்காரச் சொன்னார். அவள் மறுத்தாள். அவரே உட்கார்ந்தார், ஆனால் கால் பலகையை நீட்டவில்லை. முதல் அரை மணி நேரம் கை தானாகக் கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கோப்பைக் குழியில் போட்டார். ஐந்தே முக்கால் வாக்கில், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, குழியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கல்யாண வருஷம். நாற்பது நிமிஷம். அது தப்பு. அதைத்தான் சொன்னேன்."

மார்லிஸ் தன் பாதி சாண்ட்விச்சில் மிச்சமிருந்த பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

ஆறு மணி முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு லெட்டி பொங்கியது. ரூலன் அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தார். முதலில் நிலத்துக்கடியில் யாரோ மேசையை நகர்த்துவது போல ஒரு சத்தம். நீலத் தண்ணீர் ஒருமுறை வீங்கி, உடைந்து, அப்படியே வெள்ளையாக எழுந்து, பைன் மரங்களுக்கு மேலே போய், சாய்வெயிலில் ஆரஞ்சாகி, நின்றுகொண்டே விழுந்தது. சூடான தூறல் எங்கள் முகத்தில் பட்டது. பன்னிரண்டு நிமிஷம். மார்லிஸ் எழுந்து நின்றாள், செருப்பில்லாமல்.

வெர்லினும் எழுந்தார். மார்பை நிமிர்த்தினார். "நம்ம முன்னோர்கள் முதன்முதலா இதைப் பார்த்தப்போ..." என்று தொடங்கினார்.

"வெர்லின்," என்றாள் மார்லிஸ், ஊற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓவர்."

அவர் நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் அடங்கி, குழி காலியாகி, ஆவி மட்டும் மிஞ்சியபோது அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. தூறலா, மற்றதா என்று நான் ஆராயவில்லை. "சத்தத்தைத் தப்பா நடிச்சுக் காட்டியிருக்கேன்," என்றாள். "முப்பத்தொரு வருஷமா உஸ்ஸுன்னு சொன்னேன். இது உஸ்ஸே இல்ல."

மறுநாள் இருவருமாகக் கிராண்ட் டீட்டன் போய் நேரில் நிற்பதாகத்தான் முடிவு. ஆனால் மறுநாள் காலை லெட்டியை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றாள் மார்லிஸ். அதற்கு மறுநாள் வெர்லினே சொன்னார். நாலாம் நாள் பனி விழப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. தெற்கே போய்த் திரும்ப நேரமில்லை, வடக்கு வழியாக ஊருக்குக் கிளம்ப வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கட்டத்தை அதற்குள் யாரோ கழற்றி, அதன் பின்பக்கத்தில் லெட்டி பொங்கிய நேரங்களை எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து வெர்லினுடையது. புறப்படும் பட்டியலில் இருபத்து மூன்றாவதாக ஒரு வரியும் சேர்ந்திருந்தது.

புறப்படும் காலையில் அவர் என் ட்ரெய்லருக்கு வந்தார். கையில் படிவம்.

"அம்மணி, விதி ஏழைப் பத்தி நான் ஆழமா யோசிச்சேன்," என்றார். "நேரில்னா என்ன? உடம்பு மட்டுமா? அவ வண்டியில இருக்கான்னு நான் மனசார நம்பினேன். அவ போர்வை அங்க இருந்துச்சு. அவ செல்போன் இருந்துச்சு. வண்டிதான் எங்களுக்கு வீடு. வீடு அங்க நின்னா, வீட்டுக்காரி நின்ன மாதிரிதானே?"

"டாலஃப்சனோட முழங்காலும் வண்டியிலதானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் படிவத்தை என் பக்கம் நீட்டினார். "அது வேற," என்றார். மார்லிஸின் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருந்தது. சாட்சிக்கான கோடுதான் காலி. "மார்லிஸுக்கு அந்தப் பின் ரொம்பப் பிடிக்கும்," என்றார். மார்லிஸ் பின்னால் நின்று, தனக்கு அந்தப் பின் துளியும் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் பொய் சொன்னவளுக்கு ஒரு நாள் பொய்யைக் கண்டிக்கச் சங்கடமாக இருந்திருக்கலாம்.

நவம்பரில் அரிசோனாவில் நடந்த சங்கக் கூட்டத்தில் வெர்லின் ஹாக்ஸ்டாட் தம்பதிக்குத் தங்க நிறப் பின் குத்தப்பட்டது. முன்னோடிகள் பற்றியும், நேர்மை பற்றியும் அவர் இருபத்தைந்து நிமிஷம் பேசினாராம். மார்லிஸ் எனக்கு அஞ்சலட்டையில் எழுதியிருந்தாள். அவள் இன்றுவரை கிராண்ட் டீட்டனைப் பார்த்ததில்லை.

படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது நான். கால் பலகையும் கோப்பைக் குழியும் உள்ள அந்த நாற்காலி இப்போது என்னிடம் இருக்கிறது.